ஆங்கிலத்தில் அச்சத்தைச் சொல்வது எப்படி: கொங்குப் பேச்சிலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த என் மாணவி ஒருவர், ஒரு நாள் மாலை வகுப்புக்குக் கையில் ஒரு மின்னஞ்சலின் அச்சுப்படியோடு வந்தார். வெளிநாட்டுப் பையருக்கு, அதாவது துணி வாங்குகிறவருக்கு, அனுப்பிய லேப் டிப்பின் (ஒப்புதலுக்காகச் சாயம் போட்டு அனுப்பும் மாதிரித் துண்டின்) நிறம் ஒத்துவரவில்லை என்று வந்திருந்த பதில் அது. அதில் ஒரு வரி: "ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ கெனாட் அப்ரூவ் திஸ் ஷேட்." பையர் எதற்கோ பயப்படுகிறார் என்று எண்ணிக்கொண்ட அவர், "ப்ளீஸ் டோன்ட் பி அஃப்ரெய்ட், வீ வில் டேக் கேர்" என்று ஆறுதல் சொல்லிப் பதில் எழுதிவிட்டார். புதிய லேப் டிப் போட வேண்டும் என்ற செய்தியே அந்த வரியில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. சாயப்பட்டறைக்குத் தகவல் போகாமல் நான்கு நாள் கழிந்த பிறகுதான், "மன்னிக்கவும், இந்த நிறத்தை எங்களால் ஏற்க இயலாது" என்பதே அதன் பொருள் என்று மேலாளர் சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் அவருக்குக் கொடுத்த சொற்பட்டியலில் ஃபியர் என்றால் பயம், அஃப்ரெய்ட் என்றால் பயம், ஸ்கேர்ட் என்றால் பயம், ட்ரெட் என்றாலும் பயம். பத்து ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே ஒரே தமிழ்ச் சொல்லை எழுதிப் படித்தவருக்கு, அந்தப் பத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு எப்படித் தெரியும்? சரி, அப்படியென்றால் தமிழில் அந்த வேறுபாடுகள் இல்லையா என்றால், ஏராளமாக இருக்கின்றன. அவற்றை வீட்டிலும் காட்டிலும் சந்தையிலும் அன்றாடம் பேசுகிறோம், பாடப்புத்தகத்துக்குள் மட்டும் கொண்டுவருவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டி நம் பேச்சில் இருக்கும் பயங்களிலிருந்து புறப்பட்டு ஆங்கிலத்துக்குப் போகிறது.

முதல் படி: உங்கள் வீட்டுப் பேச்சில் உள்ள பயங்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். ஆடி மழையில் திடீரென்று இடி விழுந்தால் நம் ஆத்தா "திக்குனு ஆயிருச்சுங்க" என்பார். இருட்டியும் மகன் வீடு திரும்பாவிட்டால் "மனசு பதைக்குதுங்க" என்பார். பெண்ணின் கல்யாணச் செலவை நினைத்தால் "ஒரே வெசனமா இருக்குது" என்பார். சந்தைக்கு ஓட்டிவந்த காளை லாரி ஹாரன் சத்தத்தில் "மிரண்டுருச்சு" என்பார். சுடுகாட்டுத் தடத்தில் தனியே வந்ததைச் சொல்லும்போது "ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு" என்பார். இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்ல முடியாது. முதலாவது ஸ்டார்ட்டில்ட், இரண்டாவது ஆங்ஷஸ், மூன்றாவது வொரீட், நான்காவது ஸ்பூக்ட், ஐந்தாவது டெரிஃபைட்.

பயத்தைப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதும் அன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்காகச் சொல்கிறது. பயம் எதிலிருந்து வருகிறது என்பதே அங்கே பகுப்புக்கு அடிப்படை. ஆங்கிலச் சொற்களைப் பிரித்து அறிவதற்கு வேறொரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: ஆபத்து எப்போது வருகிறது? கண்ணெதிரே வந்து நிற்கிறதா, இனிமேல்தான் வரப்போகிறதா, அல்லது வருமா வராதா என்றே தெரியாமல் மனத்தை அரிக்கிறதா? இந்தக் காலக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், பாதிச் சொற்கள் தாமாகவே விலகிவிடும். அதன்பின் பயம் எவ்வளவு கடுமையானது, யாரிடம் சொல்லப்போகிறோம் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: வாக்கியத்தின் எலும்பை முதலில் சரிசெய்யுங்கள்

சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, அதை வாக்கியத்தில் வைக்கும் முறையைக் கற்க வேண்டும். என் அனுபவத்தில் தவறுகள் சொல்லில் நிகழ்வதைவிட இங்கேதான் அதிகம் நிகழ்கின்றன.

தமிழில் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறோம். பயம் ஒரு விருந்தாளியைப் போல என்னிடம் வந்து இருக்கிறது. நான் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறேன். இதை அப்படியே பெயர்த்து "ஃபார் மீ ஃபியர் இஸ் தேர்" என்றும், "ஃபியர் இஸ் கமிங் டு மீ" என்றும் எழுதுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆங்கிலத்தில் பயப்படுகிறவர்தான் எழுவாய், பயம் அவருடைய நிலை. "ஐ ஆம் அஃப்ரெய்ட்", "ஷி வாஸ் ஸ்கேர்ட்", "தே ஆர் வொரீட்" என்று எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கலாம்.

அடுத்தது தன்வினை, பிறவினை. காளை மிரண்டது, நாய் காளையை மிரட்டியது என்ற வேறுபாட்டை நாம் பேச்சிலேயே தவறாமல் காக்கிறோம். ஸ்கேர், ஃப்ரைட்டன், டெரிஃபை, அலார்ம் ஆகிய நான்கும் மிரட்டியது என்பதைப் போன்ற பிறவினைகள். எனவே "நான் பயந்துவிட்டேன்" என்று சொல்ல நினைத்து "ஐ ஸ்கேர்ட்" என்றால், யாரையோ பயமுறுத்தினேன் என்று தொடங்கி யாரை என்று சொல்லாமல் விட்டது போலாகும். "ஐ வாஸ் ஸ்கேர்ட்" அல்லது "ஐ காட் ஸ்கேர்ட்" என்று சொல்ல வேண்டும். எழுதும்போது இன்னொரு கவனமும் தேவை: ஸ்கேர்ட் என்பதில் ஆர் எழுத்து ஒன்றுதான். இரண்டு ஆர் போட்டால் அது ஸ்கார்ட், அதாவது தழும்பு பட்ட என்ற வேறு சொல்லாகிவிடும்.

இதன் தொடர்ச்சியாகவே ஈடி முடிவையும் ஐஎன்ஜி முடிவையும் பிரித்தறிய வேண்டும். பயந்தவர் ஃப்ரைட்டன்ட், பயமுறுத்துவது ஃப்ரைட்டனிங். நேர்காணலுக்குப் போய்வந்து "ஐ வாஸ் ஃப்ரைட்டனிங்" என்றால், கேட்டவர்கள் உங்களைப் பார்த்து நடுங்கினார்கள் என்று பொருளாகும். ஸ்கேர்ட் என்பதற்கு மட்டும் ஐஎன்ஜி வடிவத்தைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை, ஸ்கேரி என்பார்கள்.

மூன்றாம் படி: அஃப்ரெய்ட், ஸ்கேர்ட், ஃப்ரைட்டன்ட், ஃபியர்

இந்த நான்கும் அன்றாடச் சோறு போன்றவை. இவற்றை நன்றாகப் பழகாமல் மற்றவற்றுக்குப் போக வேண்டாம்.

ஸ்கேர்ட் பேச்சுச் சொல். நண்பரிடம், வீட்டில், குழந்தையிடம் இதைச் சொல்லலாம். ஃப்ரைட்டன்ட் அதே அளவு பயத்தைச் சற்று எழுத்து நடையில் சொல்வது. அஃப்ரெய்ட் இரண்டு இடத்திலும் பொருந்தும், ஆனால் அதற்கு ஒரு வினோதமான கட்டுப்பாடு உண்டு: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதை நிறுத்த முடியாது. பயந்துபோன சிறுவன் என்பதற்கு "எ ஃப்ரைட்டன்ட் பாய்" என்னலாம், "அன் அஃப்ரெய்ட் பாய்" என்னக்கூடாது. அஃப்ரே என்ற பழைய வினையின் இறந்தகால எச்சமாக இருந்து பெயரடையாக மாறிய சொல் அது. "த பாய் இஸ் அஃப்ரெய்ட்" என்று பயனிலையில்தான் இயல்பாக அமரும்.

ஃபியர் என்பதைப் பெயராகப் பயன்படுத்துவதில் தொல்லை இல்லை. வினையாகப் பயன்படுத்தினால் நடை ஏறிவிடும். நாம் பேச்சில் பயப்படுகிறேன் என்றும் எழுத்தில் அஞ்சுகிறேன் என்றும் சொல்வதற்கு இடையே உள்ள தூரம்தான் அஃப்ரெய்ட் என்பதற்கும் ஃபியர் என்ற வினைக்கும் இடையே உள்ளது. விபத்துச் செய்தியில் "பலர் இறந்திருக்கலாம் என அஞ்சப்படுகிறது" என்று நம் நாளிதழ்கள் எழுதும் இடத்தில் ஆங்கில நாளிதழ்கள் "மெனி ஃபியர்ட் டெட்" என்று எழுதும். எனவே அழும் குழந்தையிடம் "டோன்ட் ஃபியர்" என்பது "அஞ்சற்க" என்பதைப் போலக் கேட்கும். "பயந்துக்காத கண்ணு" என்று சொல்லும் அதே குரலுக்கு "டோன்ட் பி ஸ்கேர்ட்" என்பதே பொருந்தும்.

நான்காம் படி: வந்துவிட்ட பயத்தை அதன் கடுமையோடு சொல்லுதல்

இங்கே ஒரு நிகழ்ச்சியை மெதுவாகப் பார்ப்பது பயன்தரும். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வழியாகத் தாளவாடிக்குப் போகிறவர்களுக்குத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள் பழக்கமானவை. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்கு அங்கே தடையும் இருக்கிறது. தடை நேரம் தொடங்குவதற்கு முன்பாக, மாலை ஏழு மணிவாக்கில் ஒரு குடும்பம் காரில் மலையேறிவிட்டு ஆசனூரை நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

கிளம்பும்போதே ஓட்டுகிறவருக்கு உள்ளூர ஒரு தயக்கம். வழியில் ஏதாவது நின்றுவிடுமோ என்று மனம் சொல்கிறது. அது அப்ரிஹென்சிவ். வளைவைத் தாண்டியதும் புதரில் சடசடவென்று ஒரு சத்தம். உடம்பு ஒரு கணம் தூக்கிப்போடுகிறது. அது ஸ்டார்ட்டில்ட், ஒரு கணத்துக்கு மேல் நீடித்தால் அந்தச் சொல் பொருந்தாது. விளக்கு வெளிச்சத்தில் யானையின் உருவம் தெரிகிறது. இப்போது காரில் இருக்கும் எல்லோரும் ஃப்ரைட்டன்ட். கரும்பு லாரியை எதிர்பார்த்து நின்ற யானை, காதை விரித்துக்கொண்டு நான்கு எட்டு முன்னால் வருகிறது, டெரிஃபைட். பின்சீட்டில் இருந்த அம்மாவுக்குக் கத்தவும் வரவில்லை, கதவைப் பிடித்த விரல் அசையவும் இல்லை, பெட்ரிஃபைட். பாறை என்று பொருள்படும் பெட்ரா என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நம் கதைகளில் கல்லாய்ச் சமைந்தாள் என்பார்களே, அதுவேதான். ஓட்டுகிறவர் நிதானம் இழந்து ரிவர்ஸ் கியர் என்று நினைத்து வேறு கியரைப் போடுகிறார். அந்த நிலைக்குப் பேனிக். பயத்தின் அளவைக் காட்டிலும், பயத்தால் அறிவு வேலை செய்யாமல் போவதையே பேனிக் சொல்கிறது. ஹீ பேனிக்ட் என்று எழுதும்போது ஈடி-க்கு முன்னால் ஒரு கே எழுத்தைச் சேர்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

யானை ஒதுங்கிக் காட்டுக்குள் போய்விடுகிறது. ஊர் சேர்ந்தபின் கைகால் வெடவெடவென்று நடுங்குகிறது. ஷேக்கன் என்ற சொல் அதற்கென்றே இருக்கிறது. அடுத்த மாதம் அதே பாதையில் போக வேண்டும் என்ற நினைப்பே வயிற்றைக் கலக்கினால், அது ட்ரெட். ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்ந்த பயத்துக்கு இத்தனை சொற்கள் தேவைப்பட்டன. இவற்றில் எதையும் இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியவில்லை.

கடுமையைக் கூட்டும் சொற்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. ஸ்கேர்ட், அஃப்ரெய்ட், ஃப்ரைட்டன்ட் ஆகியவற்றுக்கு முன்னால் வெரி போடலாம். டெரிஃபைட், பெட்ரிஃபைட் ஆகியவை ஏற்கெனவே உச்சியில் நிற்பதால் வெரி அங்கே ஒட்டாது. அப்ஸல்யூட்லி என்பதைச் சேர்க்கலாம். பேச்சில் ஸ்கேர்ட் ஸ்டிஃப், ஸ்கேர்ட் டு டெத் என்றும் சொல்வார்கள். நம் குலைநடுங்கிப் போச்சு என்பதற்கு இவை நெருங்கிய உறவு.

ஐந்தாம் படி: வரப்போகும் பயம்

ஆங்கிலத்தின் செழிப்பு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நம்முடைய தடுமாற்றமும் இங்கேதான். நேர்காணல், அறுவை சிகிச்சை, தேர்வு முடிவு, கடன் தவணை என்று வாழ்க்கையில் பெரும்பாலும் நாம் சொல்ல வேண்டியிருப்பது இந்த வகைப் பயத்தையே.

வொரி என்ற சொல்லின் கதையை மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருள். பிறகு நாயும் ஓநாயும் ஆட்டின் தொண்டையைக் கவ்விக் குதறுவதற்கு அதைச் சொன்னார்கள். இன்றும் நாய் ஆட்டைக் கடித்துத் துரத்துவதற்கு அங்கே ஷீப் வொரியிங் என்றே பெயர். மனக்கவலை என்ற பொருள் மிகவும் பின்னால் வந்தது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில், வெறிநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப்போட்ட காட்சியை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு, இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. ஒரே கடியில் முடிந்துவிடாமல் விட்டுவிட்டுக் குதறும் அந்தத் தன்மைதான் வொரி. நம் ஊரில் வெசனம் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் இல்லை: "வெசனப்படாதீங்க" என்றால் "டோன்ட் வொரி."

ஆங்ஷஸ் என்பதும் தொண்டையைப் பற்றிய சொல்தான். நெரித்தல், இறுக்குதல் என்று பொருள்படும் ஆங்கெரே என்ற லத்தீன் வினையோடு உறவுடையது. வொரியைக் காட்டிலும் இதில் உடம்பின் பங்கு அதிகம்: உறக்கம் வராது, சோறு இறங்காது, கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்ப்போம். இருட்டியும் வராத மகனுக்காக வாசலுக்கும் வீட்டுக்குமாக நடக்கும் அம்மா ஆங்ஷஸ். ஆனால் இதே சொல்லுக்குப் பின்னால் டு வந்தால் ஆவல் என்ற பொருளும் சேர்ந்துகொள்ளும். "ஷி இஸ் ஆங்ஷஸ் டு நோ த ரிசல்ட்" என்றால், முடிவைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறாள் என்று பொருள். துடிப்பு என்ற நம் சொல்லிலும் பயமும் ஆவலும் கலந்தே இருப்பதால் இதை நினைவில் வைப்பது எளிது.

நெர்வஸ் என்பது செய்யப்போகும் ஒரு காரியத்துக்கு முன் வரும் படபடப்பு. மேடை ஏறுமுன், நேர்காணல் அறைக்குள் போகுமுன், பெண் பார்க்க வருமுன் வருவது அது. நரம்பு என்ற சொல்லோடு உறவு இருப்பதால் இதை நோயின் பெயராக நினைத்துக்கொண்டு சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், கூச்சம் தேவையில்லை. கோவையில் ஒரு பம்ப் உற்பத்தித் தொழிற்சாலையின் நேர்காணலுக்குப் போன பையன் ஒருவன், அறைக்குள் நுழைந்ததும் "ஐ ஆம் டெரிஃபைட், சார்" என்று சொல்லியிருக்கிறான். எதிரே இருந்தவர்கள் என்ன நடந்துவிட்டது என்று பதறிப்போய் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். "ஐ ஆம் எ லிட்டில் நெர்வஸ்" என்று சொல்லியிருந்தால், அவர்களே புன்னகையோடு அவனை இலகுவாக்கியிருப்பார்கள்.

அப்ரிஹென்சிவ் எழுத்துக்கும் அலுவலகத்துக்கும் உரிய சொல். ஒரு புதிய இயந்திரம், புதிய ஒப்பந்தம், புதிய மேலாளர் பற்றிய உள்மனத் தயக்கத்தைக் கௌரவமாகச் சொல்ல அது உதவும். மஞ்சளை இருப்பு வைப்பதா விற்பதா என்று தயங்கும் ஈரோட்டு வியாபாரி, விலை பற்றி வங்கிக்கு எழுதும் கடிதத்தில் பயன்படுத்தக்கூடிய சொல் அது.

ட்ரெட் இவற்றுள் கனமானது. வருவது உறுதி, தப்பிக்க வழியில்லை, நாள் நெருங்க நெருங்க மனம் கனக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது ட்ரெட். வராமலும் போகக்கூடியதை வொரி என்றும், வந்தே தீரும் என்று தெரிந்ததை ட்ரெட் என்றும் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். உச்சரிப்பில் பெட், ப்ரெட் என்பவற்றைப் போல ட்ரெட் என்று குறிலாகச் சொல்ல வேண்டும். ட்ரீட் என்று நெடிலாக்கினால் விருந்தாகிவிடும்.

அலார்ம்ட் என்பது செய்தி கேட்டு எழும் கலக்கம். ஆயுதம் எடுங்கள் என்று பொருள்படும் இத்தாலியக் கூக்குரலிலிருந்து வந்த சொல் அது. பவானிசாகர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படுகிறது என்ற அறிவிப்பைக் கேட்டுக் கரையோர மக்கள் எழுந்து பொருளை எடுத்து வைக்கும் நிலைக்கு அது பொருந்தும். டான்ட்டிங் பயத்தின் ஓரத்தில் நிற்கும் சொல்: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை முதன்முதலாக ஓட்டப்போகிறவருக்கு அந்த வேலையின் பெருமலை போன்ற தோற்றமே மலைப்பைத் தருகிறதே, அந்த மலைப்பு.

ஆறாம் படி: பின்னால் வரும் சிறு சொல்

அம்மாவுக்குப் பயப்படுகிறான் என்பதும் அம்மாவை நினைத்துப் பயப்படுகிறான் என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் அம்மாவிடமிருந்து அடி விழும்; இரண்டாவதில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடுமோ என்ற கவலை. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு முழுவதும் ஒரு சிறு சொல்லில் இருக்கிறது: முதலாவது அஃப்ரெய்ட் ஆஃப், இரண்டாவது அஃப்ரெய்ட் ஃபார். அலுவலகத்தில் "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் மை ஃபாதர்" என்று எழுதி விடுப்புக் கேட்டால், மருத்துவமனையில் இருக்கும் அப்பாவைப் பற்றிய கவலை அங்கே சென்று சேராது.

வொரீட், ஆங்ஷஸ், நெர்வஸ், அப்ரிஹென்சிவ் ஆகியவற்றுக்குப் பின்னால் அபவுட் போடுங்கள். ஃப்ரைட்டன்ட் ஆஃப் என்றால் எப்போதும் உள்ள பயம், ஃப்ரைட்டன்ட் பை என்றால் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியால் வந்த பயம்.

அஃப்ரெய்ட் டு, அஃப்ரெய்ட் ஆஃப் என்பவற்றின் வேறுபாட்டுக்குத் தோட்டத்துக் கிணற்றைவிட நல்ல பாடம் இல்லை. கிணற்று மேட்டில் நிற்கும் சிறுவன் குதிக்கத் துணியாமல் தயங்குகிறான்: அஃப்ரெய்ட் டு ஜம்ப். ஏன் தயங்குகிறான்? பக்கத்துப் படிக்கல்லில் மோதிவிடுவோமோ என்று: அஃப்ரெய்ட் ஆஃப் ஹிட்டிங் த ஸ்டெப்ஸ். நாமே செய்ய வேண்டிய காரியத்துக்கு டு. நம் கையை மீறி நிகழ்ந்துவிடக்கூடியதற்கு ஆஃப் போட்டு ஐஎன்ஜி.

ஏழாம் படி: ஹாரர், ஃபோபியா, திரிந்துபோன சில சொற்கள்

ஹாரர் என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லுக்கு மயிர் சிலிர்த்து நிற்பது என்று பொருள். மயிர்க்கூச்செறிதல் என்று நாம் சொல்வதும் அதுவே. தனக்கு ஆபத்து இல்லாவிட்டாலும், கொடுமையைக் கண்டு அருவருப்பும் அதிர்ச்சியும் கலந்து வருவது ஹாரிஃபைட். சாலை விபத்தைப் பார்த்தவர் ஹாரிஃபைட். அந்த வண்டிக்குள் இருந்தவர் டெரிஃபைட்.

டெரிபிள் என்பது மோசமான என்றும், டெரிஃபிக் என்பது மிகச் சிறப்பான என்றும் பொருள் மாறிப் பல காலம் ஆயிற்று. உங்கள் வேலையை ஒருவர் டெரிஃபிக் என்றால் நன்றி சொல்லுங்கள். ஃபியர்ஃபுல் பெரும்பாலும் பயப்படுகிறவரையும், ஃபியர்சம் பயமுறுத்தும் தோற்றத்தையும் குறிக்கும். இவற்றை இவ்வளவோடு விட்டுவிடலாம்.

ஃபோபியாவைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் அது மருத்துவச் சொல். பல்லியைக் கண்டால் பிடிக்காது என்பதெல்லாம் ஃபோபியா ஆகாது. ஆபத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவில், பொதுவாக 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து, வேலையையும் வாழ்க்கையையும் முடக்கும் பயத்துக்கே மருத்துவர்கள் அந்தப் பெயரைத் தருகிறார்கள். அதேபோல் பேனிக் அட்டாக் என்பது திடீரென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும் படபடப்பு, மூச்சுத்திணறல், நடுக்கம் ஆகியவற்றின் தொகுப்பு. இதன் அறிகுறிகள் மாரடைப்பின் அறிகுறிகளைப் போலவே இருக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேச நேர்ந்தால் நோயின் பெயரை நீங்களே சூட்டாதீர்கள். உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். "மை ஹார்ட் இஸ் ரேசிங்", "ஐ ஃபீல் டைட்னெஸ் இன் மை செஸ்ட்", "ஐ கான்ட் ப்ரீத் ப்ராப்பர்லி" என்ற மூன்று வாக்கியங்களையும் மனப்பாடமே செய்துகொள்ளலாம்.

எட்டாம் படி: பயமே இல்லாத "ஐ ஆம் அஃப்ரெய்ட்"

தொடக்கத்தில் சொன்ன லேப் டிப் கடிதத்துக்குத் திரும்புவோம். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்பதற்குப் பின்னால் ஒரு முழு வாக்கியம் வந்து, அது கேட்பவருக்கு உவப்பில்லாத செய்தியாக இருந்தால், அங்கே அச்சம் இல்லை. மென்மை மட்டுமே இருக்கிறது. கொங்கு நாட்டில் ஒருவரிடம் இல்லை என்று சொல்ல நேர்ந்தால் நாம் வெட்டென்று சொல்வதில்லை. "இல்லீங்களே" என்போம், "அது ஆகாதுங்களே" என்போம். அந்த ங்களே செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் ஐ ஆம் அஃப்ரெய்ட் செய்கிறது. "ஐ ஆம் அஃப்ரெய்ட் நாட்" என்பது இல்லீங்களே. "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஸோ" என்பது ஆமாங்க, அப்படித்தான் ஆகிப்போச்சுங்க.

ஆகவே கடிதத்தில் இதைக் கண்டவுடன், அடுத்து வரும் வாக்கியத்தையே உண்மையான செய்தியாகப் படியுங்கள். நீங்கள் எழுதும்போதும் இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்: "ஐ ஆம் அஃப்ரெய்ட் த ஷிப்மென்ட் வில் பி டிலேட் பை த்ரீ டேஸ்" என்பது, மறைக்காமலும் முகத்தில் அடிக்காமலும் செய்தியைச் சொல்லும் வாக்கியம். உடனே அடுத்த வரியில் காரணத்தையும் புதிய தேதியையும் எழுதிவிட வேண்டும். மென்மை மட்டும் இருந்து தகவல் இல்லாவிட்டால் பையருக்கு எரிச்சல்தான் வரும்.

ஒன்பதாம் படி: பழகும் முறை

முதல் படியில் ஒதுக்கிய நோட்டுப் பக்கத்துக்கு வாருங்கள். பதினைந்து நாள் வரை, வீட்டில், பேருந்தில், வேலையிடத்தில் யாராவது பயத்தைச் சொல்லும்போது அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதுங்கள்: பகீர்னுச்சு, வவுறு கலங்குது, கை வேர்க்குது, ஒரே வெசனம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஆபத்து வந்ததா, வருகிறதா, வந்தாலும் வரலாமா என்று ஒரு வார்த்தையில் குறியுங்கள். அதன் பிறகே மூன்றாவது கட்டத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். அகராதியைப் பார்த்துச் சொல்லை முதலில் எழுதிவிட்டு, அதற்கு நிகழ்ச்சி தேடுவது வேண்டாம், அது மறந்துபோகும்.

வாரத்துக்கு ஒரு முறை, உங்களுக்கே நேர்ந்த ஒரு பயத்தைத் திம்பம் யானைக் காட்சியைப் போலப் படிப்படியாக ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எட்டு வரி போதும். ஒரே சொல் இரண்டாம் முறை வந்தால், அந்த இடத்தில் நின்று, பயம் உண்மையிலேயே மாறாமல் இருந்ததா என்று நினைவைக் கிளறிப் பாருங்கள். மாறியிருந்தால் சொல்லையும் மாற்றுங்கள். மாறவில்லை என்றால் அதே சொல்லே இருக்கட்டும். எழுதியதை உரக்கப் படித்து, ட்ரெட் ட்ரீட் ஆகாமலும், ஐ வாஸ் ஸ்கேர்ட் என்பதில் வாஸ் விழுந்துவிடாமலும் பார்த்துக்கொண்டு, அடுத்த வாரப் பக்கத்தைத் திருப்புங்கள்.